கருஞ்சுவரும் விளக்கொளியும்

வீட்டின் உட்சுவருக்கு எந்நிறம் ஏற்றது என்று வினவினால், வெண்மை என்றோ இளமஞ்சள் என்றோ விடை கூறுவோரே பலர். கருமையையும் ஆழ்ந்த நீலத்தையும் கண்டால் அவர்கள் அஞ்சுவர். அறைக்குள் இருள் குடிபுகுந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சம் எவ்வளவு பொருத்தமுடையது? ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட உரோமானிய அறை ஒன்றினைத் துணைகொண்டு இதனை ஆராய விழைகின்றேன்.

இத்தாலி நாட்டில் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் வெடித்தபோது, அதன் அருகிலிருந்த பொம்பெயி நகரம் சாம்பலுள் புதையுண்டது. அந்நகரை அகழ்ந்து வரும் ஆய்வாளர்கள், 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், விருந்து மண்டபம் ஒன்றினைக் கண்டெடுத்ததாக அறிவித்தனர். அதன் நீளம் ஏறத்தாழ 15 மீட்டர். அகலம் 6 மீட்டர். அதன் சுவர்கள் கரியவை. அக்கருமையினிடையே எலனும் பாரிசும் சந்திக்கும் காட்சி முதலிய கிரேக்கப் பழங்கதை ஓவியங்கள் பொலிகின்றன. தரையோ, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வெண்ணிறச் சிறு கற்கள் பதித்தது.

செல்வர் ஒருவர் விருந்தினரை வரவேற்கும் மண்டபத்திற்குக் கருமையைத் தேர்ந்தது ஏன்? விளக்குகளே காரணம் என்பர் ஆய்வாளர். மாலை விருந்துக்கு எண்ணெய் விளக்குகள் பல எரியும். அவற்றின் புகைக்கரி சுவரிற் படியும். கரிய சுவரில் அக்கறை தோன்றாது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் இயற்றிய நூலும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. குளிர்கால உணவறையில் நுண்ணிய ஓவியங்கள் புகையாற் கெடும். ஆதலின் அங்குக் கரிய கட்டங்களை மெருகிட்டு, இடையிடையே மஞ்சட் காவியோ சாதிலிங்கச் சிவப்போ அமைத்தல் வேண்டும் என்கின்றார் அவர். விளக்குகள் மிகுந்த அறையில் சுவரின் மேல்விளிம்பு வேலைப்பாடின்றி இருந்தால் துடைப்பதற்கு எளிது என்றும் கூறுகின்றார். இப்பகுதியைப் படிக்குந்தோறும், விருந்து முடிந்த மறுநாட் காலையில் துணியும் கையுமாக அவ்வறைக்குள் புகும் அடிமைகளை நான் நினைத்துக்கொள்வதுண்டு. விருந்தினர் கண்ட அழகு, அவர்கள் கைகளுக்கும் சிறிது ஓய்வு அளித்திருக்கும் அன்றோ?

அக்கரிய வண்ணம் செய்யும் முறையோ மேலும் சுவையுடையது. பிசினை உலையில் எரித்து, அதன் புகையை ஓர் அறைக்குட் செலுத்துவர். அவ்வறையின் சுவர்களில் படியும் கரியைத் திரட்டிப் பசையுடன் குழைத்துப் பூசுவர். நம் இல்லங்களில் விளக்கின் மேல் தட்டினைக் கவிழ்த்துக் கண்ணுக்கு மை கூட்டும் முறையும் இத்தகையதே. புகைக்கரியின் கறையை மறைக்கப் புகைக்கரியையே வண்ணமாக்கியது எத்துணை நுண்ணிய அறிவு!

பயன் கருதிய இந்நிறம் அழகும் தந்தது. சுண்ணக்கட்டியின் எழுத்தைக் கரும்பலகை எடுத்துக்காட்டுவது போல, கருஞ்சுவர் தன் மேல் தீட்டிய உருவங்களை முன்னிறுத்தும். சுடர் அசையும்போது அவ்வுருவங்களும் அசைவன போலத் தோன்றும். மேலும், சுவர் விழுங்கிய ஒளியில் ஒரு பகுதியையேனும் வெண்டரை திருப்பி அளித்திருக்கும்.

இன்று நம் மின்விளக்குகளில் புகை இல்லை. எனவே உரோமானியரின் காரணம் நமக்கு இல்லை. அவர்தம் சிந்தனை முறை மட்டும் நமக்கு உரியது. நல்ல வெண்சுவர் தன்மீது படும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கினைத் திருப்பி அனுப்பும்; கருஞ்சுவரோ மிகச் சிறு பங்கினையே அனுப்பும். ஆதலின் பகலெல்லாம் நூல் பயிலும் அறைக்கும், சாளரம் குறைந்த சிற்றறைக்கும் வெண்மையே ஏற்றது. மாலையில் ஒரு விளக்கின் அருகே அமர்ந்து உரையாடவோ இசை கேட்கவோ பயன்படும் அறைக்கு ஆழ்ந்த நிறம் தீட்டலாம். அங்கும் விதானம் வெண்மையாக இருப்பின் நன்று. விளக்கு சுவரை நோக்காது, அமர்வோரை நோக்கி இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நிறத்தில் மங்கலம் என்றும் அமங்கலம் என்றும் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டா. அறையில் எவ்வொளி புகும், எவ்வேளையில் எவர் அமர்வர், அதனைத் தூய்மை செய்பவர் யார் என்று முதலில் வினவுங்கள். அவ்வினாக்களுக்கு விடை கண்டபின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தல் எளிதாகும்.