வானத்து இரைச்சலும் வகுப்பறையும்

(கழக வெள்ளி விழாவையொட்டித் துவாக்குடியில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச என்னை அழைத்த செயலாளர் அவர்கள், கல்வியைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். விமான இரைச்சலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னதும் சற்றுத் திகைத்து, "ஐயா, கல்விக் கழக மேடையில் விமானத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை கூறுவதற்கே இங்கு வந்து நிற்கிறேன்.

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். அதன் கிழக்கு முனையிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்துக்கொண்டே வந்தால் அக்கோடு நம் துவாக்குடி வட்டாரத்தை வந்து தொடும். நாம் நிலையத்திலிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். விமானம் மூன்று பாகைச் சரிவில் இறங்குவது வழக்கம். ஆகவே கிழக்கேயிருந்து இறங்க வரும் விமானம் நம் தலைக்கு மேல் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை முக்கோணவியல் கொண்டு இதைக் கணக்கிட்டுவிடலாம். என் மாணவர்களுக்கு இக்கணக்கைக் கொடுத்தும் இருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், இங்கே நமக்குக் கேட்பது இரைச்சலின் வால் மட்டுமே. தஞ்சைச் சாலையில் ஓடும் லாரிகளும் தொழிற்பேட்டையின் இயந்திரங்களும் அதைவிட மிகுதியாக நம் செவியை அடைக்கின்றன. இரைச்சலின் தலை இருப்பது ஓடுபாதையின் சுற்றுச்சுவரோரம். அத்தகைய ஓரிடத்துப் பள்ளியில் என் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளைக் கழித்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இடுப்பளவுச் சுவர், அதற்குமேல் கம்பி வலை. பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் மக்களின் பிள்ளைகள்.

ஒருநாள் ஆறாம் வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' நடத்தினேன். ஏடுகளைத் திருத்தும்போது ஒரு சிறுவனின் ஏட்டில் ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு விரற்கடை அளவுக்கு வெற்றிடம் விட்டிருக்கக் கண்டேன். கவனக்குறைவு என்று எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்தேன், கடிந்தும் பேசினேன். அவன் தலையைக் குனிந்தபடி, "ஐயா, அங்கே பிளேன் வந்துடுச்சு" என்றான். மற்றப் பிள்ளைகளின் ஏடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவர்கள் வெற்றிடம் விடவில்லை. கேளாத சொற்களுக்குப் பதிலாக வாய்க்கு வந்த சொற்களை எழுதி நிரப்பியிருந்தார்கள். உண்மையை எழுதிய ஒரே பிள்ளைக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். ஆண்டுகள் இருபதுக்கு மேலாகியும் அந்த ஏடு என் கண்முன் நிற்கிறது.

அந்தச் சிறுவன் விட்ட வெற்றிடத்தைத்தான் பின்னாளில் அறிஞர்கள் அளந்து காட்டினார்கள். நியூயார்க் நகரில் உயரப்பாலத்தில் ஓடும் இரயில் பாதைக்கு அருகே ஒரு பள்ளி இருந்தது. ஏறத்தாழ நான்கரை நிமிடத்துக்கு ஒரு முறை இரயில் கடந்து செல்லும். அப்பள்ளியில் தன் பிள்ளையைச் சேர்த்திருந்த தாய் ஒருவர், தாம் கல்லூரியில் பயின்றுவந்த உளவியல் பேராசிரியையிடம் இதைக் குறித்து முறையிட்டார். ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற அப்பேராசிரியை, பாதைப் பக்கத்து வகுப்பறைகளிலும் மறுபக்கத்து அமைதியான வகுப்பறைகளிலும் பயின்ற பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டு, 1975ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார். ஆறாம் வகுப்பை எட்டுவதற்குள், இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பள்ளியும் பாடநூலும் ஒன்றே. சுவரின் திசை மட்டுமே வேறு. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் இரப்பர் வைத்தார்கள். வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் மேற்தளம் அமைத்தார்கள். மீண்டும் சோதித்து 1981இல் வெளியிட்டபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது.

இது இரயிலின் கதை. விமானத்தின் கதையும் வேறன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992ஆம் ஆண்டு பழைய விமான நிலையத்தை மூடி, வேறிடத்தில் புதியதைத் திறந்தார்கள். பழைய நிலையத்தருகே வாழ்ந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மெல்ல மெல்லத் தேறின. புதிய நிலையத்தருகே வாழ்ந்த பிள்ளைகளுக்கு அவை குன்றின. இலண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் ஆகிய மூன்று நகரங்களின் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள 89 பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 2,800க்கு மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியாயிற்று. விமான இரைச்சல் ஏற ஏற வாசிப்புத் திறன் இறங்குகிறது என்பதே அதன் முடிவும்.

'நம் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்று காலங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம். வீட்டில் படித்தவர் இல்லை என்பார்கள், ஊக்கம் இல்லை என்பார்கள். இன்னும் கொச்சையாகவும் சொல்லுவார்கள். காதில் விழாத பாடம் எப்படி ஏறும் என்று கேட்டவர் எத்தனை பேர்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சுவரோரத்தில் குடியிருப்பவர்கள் யார்? விருப்பப்பட்டு அங்கே வீடு கட்டியவர்கள் சிலர் உண்டு. ஆனால் விலை மலிந்த நிலம், புறம்போக்கு, எவரும் வேண்டாத மேடு பள்ளம் ஆகியவை யாருக்கு வாய்க்கும் என்பது இவ்வவையில் உள்ளோருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. ஊருக்கு வெளியே இருந்ததுதானே நம் சேரி!

ஜப்பானில் ஒசாகா நகருக்கு அருகில் இட்டாமி என்ற இடத்தில் விமான நிலையம் ஒன்று உள்ளது. அதைக் கட்டும் வேலைக்கு வந்த கொரியத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அந்த நிலத்திலேயே பல்லாண்டுகள் நிலவுரிமை இன்றி இரைச்சலின் கீழ் வாழ்ந்தன. 2000த்துக்குப் பிறகே அவர்களுக்கு மாற்றுக் குடியிருப்புக் கிடைத்தது. கட்டியவனுக்கே அங்குப் பட்டா இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் இறங்கு பாதையின் கீழ் இங்கிள்வுட், லெனாக்ஸ் என்ற ஊர்கள் இருக்கின்றன. முன்னது கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த ஊர். பின்னது மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்த உழைப்பாளிகளின் ஊர்.

அவர்கள் வாளாவிருக்கவில்லை என்பதற்காகவே இவ்வூர்களை எடுத்துக் கூறுகிறேன். இட்டாமிக்கு அருகேயுள்ள கவானிஷி நகரத்து மக்கள் 1969இல் நீதிமன்றம் சென்றார்கள். இரவு ஒன்பது மணி முதல் காலை ஏழு மணி வரை விமானம் பறக்கக் கூடாது என்று 1975இல் ஒசாகா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்க மறுத்து, அதுவரை பட்ட துன்பத்துக்கு மட்டும் இழப்பீடு வழங்கச் செய்தது. எனினும் இரவில் பறப்பதில்லை என்ற வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. வழக்கில் பாதி தோற்றும் உறக்கத்தை வென்றார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது வேறு வகை. நிலையத்தை விரிவாக்கும் திட்டம் வந்தபோது, தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் பள்ளி நிருவாகங்களும் ஒரு கூட்டணியாகச் சேர்ந்தன. 'விரிவாக்கம் கூடாது' என்பது அவர்கள் வாதமன்று. 'எங்கள் தலைக்கு மேல் விரியும்போது எங்களுக்கு என்ன செய்வீர்கள்?' என்பதே அவர்கள் கேள்வி. 2004இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, அவ்விரு ஊர்ப் பள்ளிகளுக்கும் ஒலித்தடுப்புச் செய்யப் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நிலையத்தார் இசைந்தனர். பணம் கைக்கு வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் அலைந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

நம் நாட்டிலும் இது நடவாமல் இல்லை. தில்லியில் 2008இல் மூன்றாம் ஓடுபாதை திறக்கப்பட்ட பின்னர் வசந்த் குஞ்ச் பகுதியினரும், முதுகுத்தண்டு காயம்பட்டோர்க்கான மருத்துவமனை ஒன்றும் முறையிட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். விமான நிலையச் சுற்றுப்புறத்துக்கு என்று இந்த நாட்டில் ஒலி வரம்பு ஏதும் அதுகாறும் விதிக்கப்படவில்லை. 2018 சூன் மாதத்தில்தான் மைய அரசு அதை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000 முறைக்கு மேல் விமானம் ஏறி இறங்கும் நிலையங்களில் பகலில் 70 டெசிபல், இரவில் 65. ஏனைய நிலையங்களில் பகலில் 65, இரவில் 60. நம் திருச்சி இந்த இரண்டாம் வகையில் அடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, சாதாரணக் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்பதே வரம்பு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. அப்படியானால், விமான நிலையத்தருகே குடியிருப்பவன் இரவில் மற்றவனைவிடப் பதினைந்து டெசிபல் அதிகம் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது. அதுவும் சராசரிக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் இரண்டே விமானங்கள் சென்றால் சராசரி அடங்கித்தான் தெரியும். ஆனால் அந்த இரண்டு முறையும் ஆசிரியர் வாய்மூடி நிற்கிறார். பாடத்தின் இழை அறுகிறது. அந்த அறுபட்ட இழை சராசரியில் தென்படுவதில்லை.

திருச்சி நிலையத்துக்குப் பன்னாட்டு நிலையம் என்ற தகுதி 2012இல் கிடைத்தது. புதிய முனையக் கட்டடம் 2024 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. ஓடுபாதையை நீட்டும் திட்டத்துக்காகப் பல ஆண்டுகளாக நிலம் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஓடுபாதை நீண்டால் பெரிய விமானங்கள் வரும். கேட்கவேண்டியதைக் கேட்பதற்கு ஏற்ற காலம் இதுவே.

கேட்பதற்கு முன் நம் மனத்தைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். நள்ளிரவில் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் செல்லும் அந்த விமானங்களில் யார் போகிறார்கள்? நம் தங்கை மகன் போகிறான். அடுத்த தெருப் பெண் வீட்டு வேலைக்குப் போகிறாள். இம்மண்டபத்தின் கூரைக்குப் பணம் அனுப்பிய தம்பிமார்களும் அப்படிப் போனவர்களே. விமானம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்தார் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் போராடினார்கள் என்றால், அங்கே ஊரும் ஏரியும் வயலுமே பறிபோகும் நிலை. அது வேறு வழக்கு. ஆயினும் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாக நிறைவேற்றி ஏட்டில் ஏற்றினார்களே, அந்த முறையை நாம் கற்றுக்கொள்ளலாம். நாம் கேட்பது நிலையத்தை மூடச் சொல்லி அன்று. பாடம் காதில் விழவேண்டும் என்று.

சிலர், 'மரம் நடுவோம், ஓசை குறையும்' என்பார்கள். மரம் நடுவது நல்லதே. ஆனால் மேலிருந்து விழும் ஒலியை வேம்பும் புங்கமும் தடுக்கமாட்டா. மேலைநாட்டுப் பள்ளிகளில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். திருச்சி வெயிலில் சன்னலை அடைத்தால் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். நமக்கு வேண்டியது முதலில் ஆஸ்பெஸ்டாஸை அகற்றிக் காங்கிரீட் கூரை. கூரைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள திறப்பை அடைத்து, காற்று வளைந்து புகும்படியான அமைப்பு. அடைத்த அறையில் வெப்பம் தங்காதிருக்க நல்ல மின்விசிறிகள். இவையெல்லாம் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் ஒரு வாரத்தில் மதிப்பீடு போடக்கூடிய வேலைகளே.

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், வருந்தாதீர்கள். சென்ற ஆண்டு பொதுத்தேர்வுக்கு முதல்நாள் இரவு, நம் தெருவிலேயே காதுகுத்து விழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கி பதினொரு மணி வரை முழங்கியது. கழகத்தின் இரவுப் பாடசாலையில் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லப் போன என்னிடம், "வாத்தியாரே, நம்ம வீட்டு விசேஷத்துக்கே தடையா?" என்று கேட்டார்கள். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்பது சட்டம். நாளை நாம் அதிகாரிகள் முன் நிற்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

1927இல் மகாதுக் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நம் மக்களை அழைத்துச் சென்று நீர் அருந்தச் செய்தார். நீர் பொதுச்சொத்து என்பதே அங்கு எழுந்த வழக்கு. அமைதியும் பொதுச்சொத்துதான். பெரிய வளாகங்களுக்குச் சுற்றுச்சுவரும் தோப்பும் அமைதியைச் சேர்த்து வைத்திருக்கின்றன. நம் பிள்ளைக்கு அதைப் பள்ளிக்கூடமாவது தரவேண்டும்.

ஆகவே நான் கழகத்தின் முன் வைப்பது சிறிய வேலை. சுவரோரப் பள்ளிகளில் பணியாற்றும் நம் ஆசிரியர்களும், அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கவேண்டும். நாள், மணி, எந்தப் பாடம், எத்தனை வினாடி நின்றது, அவ்வளவே. கைப்பேசியில் ஒலியளக்கும் செயலிகள் உள்ளன. அவை துல்லியமானவை அல்ல. ஆயினும் முறையான அளவீட்டைக் கேட்பதற்கு ஒரு பிடிமானமாகும். ஒரு பருவம் எழுதினால், அதைக் கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அளவீடு கேட்கலாம். விமான நிலையத்தாரிடம் ஒலி வரைபடம் கேட்கலாம். மாவட்ட ஆட்சியரிடமும் உள்ளாட்சி மன்றத்திடமும் கூரை கேட்கலாம். கேட்டும் கிடைக்காவிட்டால், பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

பதிவேட்டுக்கென்று நூறு பக்க ஏடுகள் ஆறு வாங்கி வந்திருக்கிறேன்; மேடைக்கு இடப்பக்கம் மேசை மேல் இருக்கின்றன. முதல் பக்கத்தில் கோடு போட்டு வைத்துள்ளேன். எழுத முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்து ஏட்டைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.