திரைப்படமும் ஒரு பாடநூலே
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இச்சங்கம் பாடுபட்டுள்ளது. சென்ற பிள்ளைகள் வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் இனி நாம் வழி காண வேண்டும். நம் பாகலூர் எல்லைப்புற ஊர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை பள்ளியில் தமிழ்ப் பாடநூலைப் பிரிக்கிறது. பெற்றோர் ஓசூர் ஆலைக்கோ மலர்த் தோட்டத்திற்கோ சென்றுவிடுவதால் ஐயம் கேட்க ஆளில்லை. சொல் புரியாத பிள்ளைக்கும் காட்சி புரியும். ஆதலால்தான் திரைப்படத்தைப் பாடத்திற்குத் துணையாகக் கொள்வோம் என்கிறோம்.

சினிமா பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உளர். கண்டதையெல்லாம் காட்டினால் கெடுக்கும். தேர்ந்து காட்டினால் வளர்க்கும். நம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையே அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தை 2022இல் தொடங்கிற்று.

மணிகண்டன் இயக்கி 2015இல் வெளிவந்த 'காக்கா முட்டை'யைப் பாருங்கள். தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்கும் சிறுவர் இருவர் ஏறத்தாழ 300 ரூபாய் விலையுள்ள பீட்சாவுக்கு ஆசைப்படுகின்றனர். நாளொன்றுக்கு 10 ரூபாய் சேர்த்தால் எத்தனை நாளாகும்? இது கணக்கு. காக்கைகள் வாழ்ந்த மரத்தை வெட்டிக் கடை எழுகிறது, இது அறிவியல். அழுக்குச் சட்டையோடு சென்றபோது விரட்டப்பட்டவர்கள், புதுச்சட்டை அணிந்து சென்றும் அறை வாங்குகின்றனர், இது குடிமையியல். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் காரணமாகக் கடைக்குள் எவரையும் தடுக்கலாகாது என்கிறது அது. வறுமை அப்பட்டியலில் உண்டா என்று பிள்ளைகளே தேடட்டும். தேடிக் கண்ட விடையை அவர்கள் மறவார்.

கன்னடம் அறிந்த மேல்வகுப்பு மாணவர்க்குச் 'சோமன துடி' உண்டு. சிவராம காரந்தின் நாவலை பி. வி. காரந்த் 1975இல் படமாக்கினார். சிறந்த படத்திற்கான தேசிய விருது பெற்றது. சொந்தமாக உழ ஒரு துண்டு நிலம் வேண்டிய தீண்டப்படாத கூலியாளுக்கு அது மறுக்கப்படுகிறது. கடனும் வட்டியும் ஒரு குடும்பத்தை எவ்வாறு விழுங்கும் என்பதை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாய்ச் சொல்லாது. நம் முன்னோர் பட்ட பாட்டைப் பிள்ளைகள் வெட்கமின்றிப் பேசவும் அப்படம் துணை நிற்கும்.

வேண்டுவன மிகுதியில்லை. படித்த இளைஞர் ஒருவர் படத்தை முன்னரே பார்த்து மூன்று வினாக்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தேவையான இடத்தில் படத்தை நிறுத்திப் பேச வேண்டும். இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் தான் கண்டதைத் தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, பின் தமிழில் பத்து வரி எழுத வேண்டும். பேச்சும் எழுத்தும் இல்லையேல் அது வெறும் பொழுதுபோக்காகும். வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன எனில் ஒரு நிமிடத்திற்கு 1,440 என்று கணக்கிட்டு, அவை ஏன் அசைவதாகத் தோன்றுகின்றன என்று வினவும் பிள்ளை நாளைய பொறியாளர்.

இளைஞர்களே, மாதம் ஒரு மாலைப்பொழுதை இதற்கெனத் தாருங்கள். பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நம் பிள்ளை கை உயர்த்தி வினாக் கேட்கும் நாளே இச்சங்கத்திற்கு உண்மையான விழா நாள்.