மரத்தரைக்கு எந்தப் பூச்சு?

ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பலகைத் தரைகளை இன்றும் பார்க்கலாம். பழைய பெயின்டை எடுத்து உப்புத்தாளால் தேய்த்ததும் உள்ளே ஒளிந்திருந்த ரேகை வெளிப்படும். அதைப் பார்த்த சந்தோஷத்தில் உடனே வார்னிஷ் டப்பா வாங்க ஓடாதீர்கள்.

பாலியூரித்தேன் வார்னிஷ் பலகைமேல் படலமாக நிற்கும். தண்ணீர் கொட்டினால் துடைத்துவிடலாம். ஆள் நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கு ஏற்றது. ஆனால் ஓரிடத்தில் உரிந்தால், அந்த இடத்தை மட்டும் தடம் தெரியாமல் சரிசெய்வது மிகக் கடினம். பெரும்பாலும் தரை முழுவதையும் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும்.

படுக்கையறைக்கு நான் எண்ணெயைத்தான் சொல்வேன். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். சீக்கிரம் உலர மருந்து சேர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். மெழுகு அழகுதான், ஆனால் அதன்மேல் பிறகு வார்னிஷ் ஒட்டாது.

எதுவானாலும் முதலில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாண் அளவு பூசிப் பாருங்கள். நிறம் டப்பாவில் இருப்பதுபோல வராது.

இதை மட்டும் மறக்கவே வேண்டாம்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். குவிந்த துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல், நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும். துணியைத் தண்ணீரில் நனைத்து, வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.