எட்டுத் தேர் செய்த தச்சன்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் 'வழிகாட்டியோர்' என்னும் பொதுத் தலைப்பின்கீழ் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய அறிஞர்கள் தமிழாசிரியர்களையும் பாவலர்களையும் நினைவுகூர்ந்தார்கள். நான் ஒரு கார்ப் பந்தய வீரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கிய மேடைக்கும் பந்தயத் தடத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. தொடர்பைத் தகடூரிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

தகடூர் என்றவுடன் நம் அனைவர்க்கும் நெல்லிக்கனி நினைவிற்கு வரும். எனக்குச் சக்கரம் ஒன்று நினைவிற்கு வருகிறது. புறநானூற்றில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடுமிடத்தில் ஒரு தச்சன் வருகிறான். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்லவன் அவன். அத்தகையவன் ஒரு திங்கள் முழுவதும் கருத்தூன்றி ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எவ்வளவு வலிமையுடையதாக இருக்கும்! அச்சக்கரம் போன்றவன் எங்கள் அஞ்சி என்று பகைவரை எச்சரிக்கிறார் ஔவையார்.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் அந்த ஒற்றைச் சக்கரத்தையே வியக்கிறோம். தச்சனின் மற்ற நாள்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நாள்தோறும் அவன் செய்த எட்டுத் தேர்கள் எங்கே போயின? யார் யாரைச் சுமந்தன? இக்கேள்விக்கு விடையாக எனக்குக் கிடைத்தவர் கோவை எஸ். கரிவரதன்.

கரிவரதன் தொழிலதிபர், பந்தய வீரர், தம் கையாலேயே பந்தயக் கார்களை வடிவமைத்தவர். நண்பர்களுக்கு அவர் 'கரி'. அவர் ஓட்டிய காலத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரமே தென்னகத்தின் புகழ்பெற்ற பந்தயக் களம். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தி வந்தது. மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டார்கள். ஆனால் களத்தில் இறங்கியவர்கள் மிகச் சிலர். வேகமான கார் என்றால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இறக்குமதித் தடைகளையும் சுங்க வரியையும் கடந்து வர வேண்டும். ஓர் உறுப்பு உடைந்தால் அடுத்த உறுப்பு கடல் கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். திறமை உள்ள இளைஞன் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதே அன்றைய நிலை.

கரிவரதன் வேலிக்கு உள்ளே இருந்தவர். தமக்கென ஒரு சிறந்த காரைச் செய்துகொண்டு, கோப்பைகளை அடுக்கிவைத்து அமைந்திருக்கலாம். ஒரு திங்கள் முயன்று ஒரு சக்கரம் செய்யும் கலை அவருக்கும் கைவந்ததுதான். அவர் கண்ணோ வேலிக்கு வெளியே நின்றவர்கள்மேல் சென்றது.

1983 டிசம்பரில் மாருதி 800 நம் சாலைகளுக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். குடும்பத்தோடு கோயிலுக்கும் சந்தைக்கும் போவதற்கான கார். பந்தயக்காரர் எவரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். கரிவரதன் அதில் வேறொன்றைக் கண்டார். அதன் உறுப்புகள் ஊர்தோறும் கிடைக்கும். அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக் தெருதோறும் இருப்பார். அந்த எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டுமே அமரும் எளிய பந்தயக் காரை அவர் உருவாக்கினார். 1988இல் 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தயப் பிரிவு பிறந்தது.

இங்கே கவிஞர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அப்பிரிவில் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகை எஞ்சின். ஆகவே பணம் மிகுந்தவர் கூடுதல் ஆற்றலை விலைக்கு வாங்கி முந்திவிட இயலாது. வளைவில் எப்போது வேகத்தைக் குறைப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது, எந்த நொடியில் மீண்டும் விசையைக் கூட்டுவது என்பவையே வெற்றியைத் தீர்மானிக்கும். நம் மரபில் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். ஈற்றடி அனைவர்க்கும் ஒன்று, தளையும் ஒன்று. செல்வர் மகனுக்கென்று தனிச் சீர் கிடையாது. பாடுவோர் எவர், சொல்லடுக்குவோர் எவர் என்பது மூன்றே அடிகளில் தெரிந்துவிடும். கரிவரதன் இளைஞர்களுக்கு ஒரு பொது ஈற்றடியைக் கொடுத்தார்.

1990இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே நிலையான தடம் அமைந்தது. திருப்பெரும்புதூர்த் தடம் என்று பலரும் வழங்குவது இதனையே. கோவைச் சிறுவன் நாராயண் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது அங்கேதான். ஓட்டியது ஃபார்முலா மாருதி காரைத்தான். முதல் பந்தயத்திலேயே வெற்றி மேடை ஏறினார். ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய சிறுவர்கள் கோ-கார்ட் என்னும் சிறு வண்டியில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுவர். அந்நாளில் நம் நாட்டில் அந்த முதற்படி பரவலாக இல்லை. இல்லாத படிக்கட்டின் இடத்தில் கரிவரதனின் எளிய கார் நின்றது.

1995இல் சிறு விமான விபத்தொன்றில் கரிவரதன் காலமானார். அப்போது அவர் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஏறக்குறைய என் வயது. எத்தனையோ வேலைகளைப் பாதியில் விட்டுச் செல்லும் வயது அது என்பதை நான் இப்போது அறிவேன். அவர் மறைந்தபோது நாராயணுக்குப் பதினெட்டு வயது. மறு ஆண்டே, 1996இல், ஃபார்முலா ஆசியா பட்டத்தை நாராயண் வென்றார். 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு இண்டியானாபோலிஸ் நகரில் நான்காம் இடம் பெற்றார். பல அணிகள் விலகியதால் அன்று ஆறு கார்களே ஓடின என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. எனினும் அந்த ஆறில் ஒன்றின் உள்ளே கோவை மண்ணின் பிள்ளை அமர்ந்திருந்தான். தச்சன் அதைக் காணவில்லை. தேர் போய்ச் சேர்ந்துவிட்டது.

தொடர்ச்சியும் அறுபடவில்லை. முன்னாள் பந்தய வீரர் பி. விஜயகுமார் கோவைச் செட்டிபாளையத்தில் அமைத்த தடம், 2003இல் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயராலேயே திறக்கப்பட்டது. சாலைக் காரின் எஞ்சினைக் கொண்டு பயிற்சிப் பந்தயக் கார் செய்யும் வழக்கம் எல்ஜிபி ஃபார்முலா வழியாகத் தொடர்ந்தது. பந்தய வீரர் அக்பர் இப்ராஹிம் பின்னாளில் சிறுவர்க்குக் கோ-கார்ட் பயிற்சி அளிப்பதைத் தம் பணியாக்கிக்கொண்டார். ஒருவர் இட்ட படிக்கு அடுத்த படியை இன்னொருவர் இட்டார்.

இதில் மிகைப்படுத்தல் வேண்டாம். எளிய பந்தயக் காரும் ஏழைக்கு எளிதன்று. பென்னாகரத்திலோ அரூரிலோ கூலி வேலைக்குச் செல்லும் ஒருவரின் பிள்ளை, கரிவரதனின் காரிலும் ஏறியிருக்க முடியாது. இதே மாவட்டத்தில் 2004 வரை இருந்த ஒசூர், ஆயிரக்கணக்கான வண்டிகளைச் செய்து அனுப்பிய ஊர். அவற்றைச் செய்த கைகள் பல நம் சிற்றூர்களிலிருந்து போனவை. செய்யும் கைகளுக்கும் ஓட்டும் இருக்கைக்கும் உள்ள தொலைவு இன்னும் பெரிது. கரிவரதன் அத்தொலைவை முற்றாகக் கடக்கவில்லை, சற்றே குறைத்தார். குறைக்க முடியும் என்று காட்டியதே அவர் செய்த பேருதவி.

இனி நம் வட்டத்திற்கு வருகிறேன். பத்தாண்டுகளில் நாம் பல நல்ல நூல்களை அரங்கேற்றியிருக்கிறோம். சிறந்த சக்கரங்கள் பலவற்றைக் கைதட்டி வரவேற்றிருக்கிறோம். அதில் குறையேதுமில்லை. ஆனால் பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் துணிவின்றி எழுந்து போகும் மாணவிக்கு நாம் என்ன செய்து கொடுத்திருக்கிறோம்? முதல் தொகுப்பு வர வேண்டுமெனில் தன் கைப்பொருளை இழக்க வேண்டும் என்ற நிலை அவளுக்குச் சுங்க வரி. முன்னுரை எழுத ஒரு பெரியவர் மனம் கனிய வேண்டும் என்பது அவளுக்கு இறக்குமதி உரிமம். அவள் வேலிக்கு வெளியே நிற்கிறாள். நாம் உள்ளே இருக்கிறோம்.

ஆகவே இம்மேடையில் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் முதல் அரைமணி நேரம், இதுவரை மேடையேறாதவர்க்கே உரியதாகட்டும். அனைவர்க்கும் ஒரே பொருள் அல்லது ஒரே ஈற்றடி கொடுப்போம். நம்முள் மூத்த கவிஞர்கள் அன்று கேட்பவர்களாக மட்டும் அமரட்டும். இரண்டு, ஆண்டிற்கு ஒருமுறை அவர்களின் கவிதைகளை நம் வட்டத்தின் செலவிலேயே ஒரு சிறு தொகுப்பாகக் கொண்டுவருவோம். தாள் எளியதாக இருக்கட்டும், அட்டை எளியதாக இருக்கட்டும், ஊரிலேயே அச்சாகட்டும். மாருதி எஞ்சின் போதும். ஓட்டத் தெரிந்தவர் ஓட்டிக் காட்டுவார்.

அவர்களுள் ஒருவர் நாளை நம் அனைவரையும் விஞ்சி எழுதக்கூடும். அதைக் காண நம்முள் சிலர் இல்லாமலும் போகலாம். அதனால் தச்சன் வேலையை நிறுத்துவதில்லை.