உடன் உழைப்பார்க்கு உறுதுணை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் இசைக்கும் நாடகத்திற்கும் குழந்தைகளின் ஆடலுக்குமே முதலிடம். அவற்றிற்கிடையே சிறிது பொழுதை எங்களுக்கு ஒதுக்கித் தந்தமைக்கு நன்றி. கேட்பதற்கு இனிய பொருள் அன்று நாங்கள் பேச வந்தது. ஆயினும் இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் வேண்டிய பொருள்.

நாம் இவ்வூருக்கு உழைக்க வந்தவர்கள். 1806இல் அமைந்த செகந்திராபாத் படைமுகாமும், பின்னர் வந்த இரயில்வேயும் நம் முன்னோரை இங்கே அழைத்தன. 1960களில் இராமச்சந்திராபுரத்தில் பாரத மிகுமின் ஆலை எழுந்தது. பொறியாளரும் தொழிலாளரும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தனர். 1998இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர், கணிப்பொறி கற்ற நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தனர். தொழில் மாறிற்று, கருவி மாறிற்று. ஒன்று மட்டும் மாறவில்லை. விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதியை நாம் கழிப்பது உறவினரோடு அன்று, உடன் உழைப்பாரோடுதான்.

ஆகவே ஒருவர் முகம் வாடியிருப்பதை முதலில் காண்பவர் யார்? ஊரிலிருக்கும் தாயா? தொலைபேசியில் அவர் குரலை மட்டும் கேட்கிறார். "நன்றாயிருக்கிறேன் அம்மா" என்ற சொல்லோடு அவர் நிறைவடைகிறார். வாட்டத்தைக் காண்பவர் பக்கத்து இருக்கையில் இருப்பவரே. கடன் தொல்லை, மேலதிகாரியின் கடுஞ்சொல், குடிப்பழக்கம், மணவாழ்வின் கசப்பு, வேலை பறிபோய்விடுமோ என்ற அச்சம், இவற்றுள் எது உள்ளே அரித்தாலும் அதன் நிழல் முதலில் வேலையிடத்தில்தான் விழுகிறது.

கண்டவர் என்ன செய்கிறார்? "எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார். அல்லது தம் கதையை அதனினும் பெரிதாக எடுத்துரைக்கிறார். அல்லது தேநீர் வேளையில் நால்வர் காதில் போட்டுவிடுகிறார். தீய எண்ணத்தால் நேர்வன அல்ல இவை; பயிற்சியின்மையால் நேர்வன. அந்தப் பயிற்சியைக் கொடுக்க இயலுமா என்பதே இன்று நம் முன் உள்ள வினா. இயலும் என்பதற்கு உலகம் சான்று காட்டுகிறது.

1953ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர்க்கு ஆறுதல் கூறத் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். வந்தவர்கள் அவரைக் காணக் காத்திருந்தனர். காத்திருந்தோர்க்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாய் இருக்கத் தொண்டர் சிலர் அமர்ந்திருந்தனர். சில மாதங்களில் ஒரு வியப்பு புலனாயிற்று. தொண்டரிடம் மனம் விட்டுப் பேசியவர்களில் பலர், பாதிரியாரைக் காணாமலே தெளிவு பெற்றுத் திரும்பினர். 1954இல் அவர் அப்பணியைத் தொண்டரிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' என்னும் இயக்கம் பிறந்த வரலாறு இது.

அவ்வழியிலேயே 1986இல் சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வை நிறுவினார். நம் நகரிலும் 1997இல் 'ரோஷ்ணி' தோன்றிற்று. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில், மனநல மருத்துவர் மிகச் சிலரே இருந்த நிலையில், 2006இல் மருத்துவர் டிக்சன் சிபாண்டா பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றி மர பெஞ்சுகளில் அமர்த்தினார். துயருற்றோர் அப்பாட்டிமாரிடம் வந்து பேசினர். அம்முறை நற்பயன் தருகிறது என்பதை 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. கோவாவில் 'சங்கத்' என்னும் அமைப்பு, மருத்துவம் பயிலாத பொதுமக்களைப் பயிற்றி மனச்சோர்வுற்றோர்க்கு உதவச் செய்தது. அதன் பயனும் 2017இல் ஆராய்ச்சி வாயிலாக நிறுவப்பட்டது. இவை அனைத்தும் நமக்கு உரைப்பது யாது? துயரின் முதற்படியில் வேண்டப்படுவது பட்டம் அன்று, பயின்ற செவி.

வேலையிடத்திற்கு இது பொருந்துமா என்று ஐயுறுவோர் உண்டு. தொழிலாளரைக் கொண்டே தொழிலாளர்க்குத் துணை செய்விக்கும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1958இல் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் அமைந்தது. அது கல்வி அலுவலரைப் பயிற்றிற்று. அவர்கள் ஆலைகளிலிருந்து வந்த தொழிலாளரை ஆசிரியராகப் பயிற்றினர். அத்தொழிலாள ஆசிரியர் தத்தம் ஆலைக்குத் திரும்பி உடன் உழைப்போர்க்குக் கற்பித்தனர். அதே கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவன் சொல்லும் சொல், மேடையிலிருந்து வரும் சொல்லினும் ஆழச் செல்லும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

நலத்துறை அலுவலர் இருக்கும்போது தொண்டர் எதற்கு என்றும் கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் உழைக்கும் ஆலைகளில் அத்தகைய அலுவலர் வேண்டும் என்று விதித்தது. நல்ல விதியே. எனினும் ஐந்நூறு முகங்களை ஓர் இணைக் கண்கள் நாள்தோறும் எங்ஙனம் காணும்? மேலும் அவர் நிருவாகத்தின் அலுவலர். அவர் அறை வாயிலில் நிற்பதையே நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசுவோர் பலர்.

இனி, தொண்டர்க்குக் கற்பிக்க வேண்டுவன யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, கேட்டல். திருக்குறளில் 'கேள்வி' என்று தனி அதிகாரமே உண்டு. அங்கே கற்றார் வாய்ச்சொல்லைக் கேட்பது பேசப்படுகிறது. இங்கே துயருற்றார் வாய்ச்சொல்லைக் கேட்பது வேண்டப்படுகிறது. பின்னதே அரிது. இடைமறியாமல், தீர்ப்புக் கூறாமல், அமைதி நேர்ந்தால் அந்த அமைதியையும் பொறுத்துக் கேட்கப் பழக வேண்டும். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்டு, பின்னர் முறை மாற்றிப் பயின்றாலன்றி இது வாராது.

இரண்டாவது, அறிவுரையை அடக்குதல். துன்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக அவரையே எண்ணச் செய்து, "இவற்றுள் முதலில் எதைத் தொடலாம்?" என்று கேட்க வேண்டும். ஒன்றை அவர் தேர்வார். அதற்கு இந்த வாரத்தில் செய்யத்தக்க சிறு முயற்சி எது என்பதை அவரே சொல்வார். அடுத்த வாரம் சந்தித்து, நடந்ததா, தடை யாது என்று உசாவுதல் தொண்டர் கடன். வழியை நாம் காட்டினால் நம் வழியாகிவிடும். அவர் கண்டால் அவர் வழியாகும். ஜிம்பாப்வேயின் பாட்டிமார் கையாண்டதும் இம்முறையைத்தான்.

மூன்றாவது, அஞ்சாமல் கேட்டல். வாழ்வில் வெறுப்புற்றுப் பேசுபவரிடம், "உயிரை விட்டுவிட எண்ணுகிறீர்களா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது ஆகாதா என்று அஞ்சுகிறோம். ஆகாது என்பது ஆராய்ந்து தெளிந்த உண்மை. கேட்கப்பட்டவர்க்குப் பெரும்பாலும் சுமையே குறைகிறது.

நான்காவது, தம் எல்லையை அறிதல். தொண்டர் மருத்துவர் அல்லர், நீதிபதியும் அல்லர். உயிருக்கு இடர் என்று தோன்றினால் அவரைத் தனியே விடாது மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' பணியை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பணியிடத்தில் ஒரு பெண் பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகக் கூறினால், சமாதானம் பேசத் தொண்டர் முற்படலாகாது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கென உள்ள குழுவிடம் செல்லும் வழியை அவருக்குக் காட்டி, அவர் விரும்பினால் உடன் செல்வதே முறை.

ஐந்தாவது, மறை காத்தல். நம்மைப் போன்ற சிறு காலனிக் குடும்பங்களுக்கு இதுவே உயிர்நாடி. காலையில் ஆலையில் சொன்னது மாலையில் கோவில் வாயிலில் பேசப்படுமானால், அதன்பின் எவரும் எவரிடமும் வாய் திறவார். தொண்டர் தம் இல்லத்தாரிடமும் பெயர் உரைத்தல் கூடாது. உயிருக்கு இடர் நேரும்போது மட்டும் விலக்கு உண்டு. அவ்விலக்கையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை.

தொண்டரும் மனிதரே. பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு அவர் நெஞ்சும் கனக்கும். ஆகவே மாதந்தோறும் அவர்கள் கூடி, பெயர் குறிப்பிடாமல், தாம் கேட்ட முறையில் இருந்த குறைநிறைகளை ஒருவர்க்கொருவர் எடுத்துரைக்க வேண்டும். கோவாவில் இம்முறையைக் கையாண்டே பணியின் தரத்தைக் காத்தனர்.

ஓர் ஐயத்தை மறைக்காமல் பேச வேண்டும். வேலைப்பளுவையும் கொடுமையையும் குறைக்காமல், "மனத்தைத் தேற்றிக்கொள்" என்று உழைப்போர்க்குச் சொல்லும் சூழ்ச்சியாக இது மாறிவிடாதா? மாறக்கூடும். உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், உழைப்போரைப் பயிற்றுவதோடு வேலையின் அமைப்பையும் திருத்த வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுகின்றன என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஒருவர் வந்து உறக்கமில்லை என்றால் அது அவர் துயர். ஒரே பிரிவிலிருந்து பத்துப் பேர் வந்து அதையே சொன்னால் அது அப்பிரிவின் நோய். அதனைப் பெயரின்றி நிருவாகத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் உரைப்பதும் தொண்டர் கடமையே. நிருவாகத்தின் ஒற்றராகவும் அவர் இருத்தல் ஆகாது. தொழிற்சங்கத்திற்குப் போட்டியாகவும் எழுதல் ஆகாது.

இவ்வளவில் சங்கம் செய்யத்தக்கது யாது? இந்நகரின் வேலையிடங்களில் தெலுங்கும் உருதும் இந்தியும் ஆங்கிலமும் வழங்குகின்றன. நாமும் அவற்றைப் பேசிப் பழகிவிட்டோம். ஆயினும் கணக்கை ஆங்கிலத்தில் சொல்பவர்க்கும் கண்ணீர் தாய்மொழியில்தான் வருகிறது. தனி அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் இளைஞரும், திருமணமாகிப் புதிதாய் வந்து வேலைக்குச் செல்லும் பெண்களும், தமிழில் ஒரு சொல் கேட்க ஏங்குகின்றனர். ஆகவே நம்மவர் உழைக்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர் முன்வருக என்று வேண்டுகிறோம். மேடையில் முழங்குவோரைத் தேடவில்லை. மற்றவர்கள் இப்போதே தம் குறையைச் சொல்ல நாடிச் செல்லும் அந்த அமைதியான மனிதரைத் தேடுகிறோம். பிறர் பதவி உயர்வுக்குக் குறிப்பு எழுதும் மேலதிகாரி, தம் கீழ் உழைப்பார்க்குத் தொண்டராதல் பொருந்தாது. பயிற்சியை மனநலம் கற்றவரைக் கொண்டே நடத்துதல் வேண்டும். ஒரு நாள் சொற்பொழிவோடு அது முடிந்துவிடலாகாது.

மூத்தோர்களே! வெள்ளம் வந்தபோதும் நோய் பரவியபோதும் சோறு சமைத்துப் பொட்டலம் கட்டிய கைகள் நம் கைகள். பசி கண்ணுக்குத் தெரிந்தது, ஓடினோம். இந்தத் துயர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே காணப் பயில வேண்டும். விழா முடிந்ததும் வாயிலில் உள்ள ஏட்டில் பெயர் எழுதிச் செல்லுங்கள். பெயர் எழுத இயலாதோர் ஒன்று செய்யுங்கள்: நாளைக் காலை வேலைக்குச் சென்றதும், சில நாட்களாகப் பேச்சுக் குறைந்திருக்கும் ஒருவரிடம் சென்று, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டபின், விடை வரும்வரை நில்லுங்கள்.