செவிப்புலவியலாளரை ஆக்குங் கல்வி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் மிஷன் பாடசாலையிற் கீழ்வகுப்பிற் பயின்றபோது எம்முடன் ஒரு மாணவன் இருந்தான். கடைசி வாங்கே அவனிடம். கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லான். ஆசிரியர் அவனை மந்தன் என்றார். நாமும் அவ்வாறே அழைத்துச் சிரித்தோம். அவனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பது பல ஆண்டுகள் கழிந்தே தெரியவந்தது. அந்த வெட்கமே இன்று எம்மைப் பேசத் தூண்டுகின்றது.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களின்பின் கேள்வியை வைத்தார். கல்லாதவன் கேட்டேனும் உய்யலாம். கேட்கவும் இயலாதவனுக்கு வழி யாது?

அவ்வழியை ஆராய்வது செவிப்புலவியல். இரண்டாம் உலகப் போரிற் செவி பழுதுற்ற அமெரிக்க வீரருக்கு உதவப் புகுந்தபோது அது தனித்துறையாக வளர்ந்தது. நோர்த்வெஸ்டேர்ண் சர்வகலாசாலைப் பேராசிரியர் றேமண்ட் கார்ஹார்ட் அதன் தந்தை எனப் போற்றப்படுகின்றார். நெடுங்காலம் முதுமாணிப் பட்டமே இத்தொழிலுக்குப் போதியதாயிருந்தது. 1990களில் தொழில்சார் கலாநிதிப் பட்டம் தோன்றியது. இன்று ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழிலிற் புதிதாய்ப் புகுவோருக்கு அதுவே வாயில்.

முதற் பட்டத்தின்பின் பெரும்பாலும் 4 ஆண்டுப் பயிற்சி. ஒலியின் பௌதிகம், காதின் அமைப்பு, செவி நரம்பு, உடலின் சமநிலை ஆகியவற்றை மாணவர் கற்கின்றனர். ஒலி புகா அறையில், 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களில், ஒவ்வொரு காதையுந் தனித்தனியே சோதிக்கின்றனர். காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் ஒலியைச் செலுத்தி, பழுது நடுக்காதிலா உட்காதிலா என்று தெளிகின்றனர்.

பேசத் தெரியாத சிசுவை எங்ஙனஞ் சோதிப்பது? நலமுள்ள உட்காது தான் கேட்ட ஒலிக்கு மறுமொழியாக ஒரு மெல்லொலியை வெளிவிடுகின்றது என்பதை 1978 இல் இங்கிலாந்தில் டேவிட் கெம்ப் வெளிப்படுத்தினார். அதனால் உறங்குங் குழந்தையையுஞ் சோதிக்கலாம். பிறந்து 1 மாதத்துள் சோதனை, 3 மாதத்துள் நிர்ணயம், 6 மாதத்துள் உதவி என்பது அமெரிக்க வல்லுநர் வகுத்த நெறி. கடைசி ஆண்டு பெரும்பாலும் வைத்தியசாலைகளிலுஞ் சிகிச்சை நிலையங்களிலும், மேற்பார்வையின்கீழ்க் கழிகின்றது.

இத்தனை ஆண்டும் பொருளும் வேண்டுமோ என்று வினவுவோர் அங்கும் உளர். வினா நியாயமானதே. பொறியை இயக்குவதற்கு மட்டுமாயின் சில மாதங்கள் போதும். ஆனால், பழுதுற்ற காதை நற்காதென்று ஒருவர் தவறிச் சொல்வாராயின், அக்குழந்தை மொழி பயிலும் ஆண்டுகள் மீண்டும் வாரா. குழந்தைக்குக் காது கேளாது என்பதைத் தாய்க்குச் சொல்லவும் வேண்டும். சொன்னபின் அவள் கண்ணீரோடு கேட்கும் நூறு கேள்விகளையும் பொறுமையோடு கேட்க வேண்டும். பிறர் செவியைக் காப்பவர் முதலிற் தாம் கேட்கப் பழகவேண்டுமன்றோ?

அன்பர்களே, எம் வாலிபருட் சிலரேனும் இத்துறையை நாடுவாராக. ஏனையோரும் ஒன்று செய்யலாம். வகுப்பில் மறுமொழி சொல்லாத சிறுவனையோ, சொன்னதைத் திரும்பக் கேட்கும் பாட்டியையோ கண்டால் நகையாதிருப்போம். செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்வோம். எம் பள்ளித் தோழனுக்கு நாம் செய்யத் தவறியது அதுவே.