வேப்பிலைத் தோரணமும் மூக்குச் சோதனையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சிலாங்கூரின் வடபகுதியில் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், புக்கிட் பெலிம்பிங், பத்தாங் பெர்ஜுந்தை என்று எந்தத் தோட்டத்துப் பக்கம் சென்றாலும், பால்மரக் காட்டுக்குள் முதலில் எழுந்தது பெரும்பாலும் மாரியம்மன் கோயிலாகவே இருக்கும். கடல் கடந்து வந்தவர்கள் எத்தனையோ தெய்வங்களை விட்டுவிட்டு இவளை மட்டும் தவறாமல் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. அம்மை நோயை அவர்கள் அறிந்திருந்தார்கள். அது ஒரு லயத்தில் நுழைந்தால் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோகும் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

அம்மை கண்ட வீட்டில் என்ன நடந்தது என்பதை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். வாசலில் வேப்பிலை தொங்கும். அதைக் கண்டவர் எவரும் படியேற மாட்டார். வீட்டார் பிறர் வீட்டு விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு இராது. தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரையில் அந்த வீடு ஊரோடு சேராமல் ஒதுங்கியே இருக்கும். நோயாளியின் அருகில் இருந்து பணிவிடை செய்பவர் யார் என்பதிலும் கவனம் இருந்தது. முன்பே அம்மை வார்த்து எழுந்தவரே அப்பணிக்கு உகந்தவர் என்று கருதப்பட்டார். அம்மையை அம்மன் வருகையாகக் கண்டவர்கள்தாம் இத்தனையும் செய்தார்கள். பக்தியால் அவர்கள் முன்னெச்சரிக்கையைக் கைவிட்டுவிடவில்லை. இன்றைய மருத்துவம் நோய் எதிர்ப்பாற்றல் என்றும் தனிமைப்படுத்தல் என்றும் பெயரிட்டு வழங்கும் இரண்டும் அந்த வேப்பிலைத் தோரணத்திற்குள் அடங்கியிருந்தன. ஒன்று மட்டும் அதில் இல்லை. முத்து போடுவதற்கு முன்னரே நோயைக் கண்டறியும் வழி அவர்களிடம் இருக்கவில்லை.

தோட்டத்து முன்னோரை இங்கே அனுப்பிவைத்த அமைப்பும் இதே அச்சத்தோடுதான் இயங்கிற்று. மலாயாவுக்குப் புறப்படுவோர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுக்கு அம்மை குத்தப்பட்டது. கப்பலில் நோய் கண்டால் பினாங்கை அடுத்த ஜெரேஜாக் தீவில் இறக்கி, நாள் கணக்கில் காவலில் வைத்தார்கள். அந்தத் தீவு அவர்களுக்குச் சிறையைப் போலவே தோன்றியிருக்கும். வேலைக்கு ஆள் குறையக்கூடாது என்ற கணக்கும் அந்த ஏற்பாட்டில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கையில் இருந்த அந்த அம்மை குத்திய வடு பல குடும்பங்களைக் காத்தது. சென்னைக் கிண்டியில் 1899ஆம் ஆண்டு தோன்றிய கிங் நிலையம் அம்மைப்பால் தயாரிக்கும் பணியை நெடுங்காலம் செய்துவந்தது. பெரியம்மை உலகை விட்டு ஒழிந்தது என்று உலக சுகாதார மன்றம் 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் அறிவித்தது. அதனால் அம்மன் கோயில்களில் கூட்டம் குறைந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிக்கொள்ளலாம்.

மலேரியாவின் கதை வேறு. 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், அப்பகுதித் தோட்டங்களில் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்தார். எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அந்த லயத்தில் காய்ச்சல் குடிகொண்டிருக்கிறது என்று பொருள். நோயாளி வந்து முறையிடும்வரை காத்திராமல், நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிச் சென்று பார்த்த சோதனை அது. காய்ச்சல் அதிகம் இல்லாத ஊர்களிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. அவர்களே விரைவில் விழுந்தார்கள். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டியதும் கொயினா கொடுத்ததும் அவர்களை மனத்தில் வைத்துத்தான்.

இவ்வளவு பழைய செய்தி எதற்கு என்று எவரேனும் எண்ணக்கூடும். கோவிட்-19 பெருந்தொற்று வந்தபோது எழுந்த கேள்விகள் எல்லாம் அந்தப் பழைய கேள்விகளே. யாரிடம் நோய் இருக்கிறது? யாருக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது? இரண்டும் இல்லாத நலிந்தவரை யார் காப்பது?

மலேசியாவில் முதல் தொற்று 2020 ஜனவரி 25ஆம் நாள் உறுதியாயிற்று. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஆலயங்களின் கதவுகள் அடைபட்டன. அந்த ஆண்டு முடியும்போது நாட்டில் மாண்டோர் 471 பேர். அடுத்த ஆண்டு முடியும்போது அந்த எண்ணிக்கை 31,000ஐக் கடந்திருந்தது. 2021 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சிலாங்கூரும் தலைநகரமும் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளில் கட்டிலும் பிராணவாயுவும் போதவில்லை. ஆகஸ்டு 26ஆம் நாள் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. மொத்தத்தில் இந்நோய்க்கு இந்நாட்டில் பலியானோர் 37,000 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள்.

வயது மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்றும், இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டும் என்றும் காட்டிற்று. நீரிழிவு இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. நலிந்தவர் என்றவுடன் படுக்கையில் கிடக்கும் பாட்டியைத்தான் மனம் நினைக்கிறது. அன்னதானப் பந்தியில் ஓடியாடிப் பரிமாறும் நாற்பத்தைந்து வயதுக்காரரும் தம்மை அறியாமலே அந்த வரிசையில் நிற்கக்கூடும்.

சோதனையைப் பற்றித் தோட்டத்துத் தமிழர்கள் மறக்கக்கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 2020 ஜூலை மாதம், தமிழகத்துச் சிவகங்கைக்குச் சென்று திரும்பிய உணவக உரிமையாளர் ஒருவருக்கு நாட்டுக்குள் நுழைந்தபோது எடுத்த சோதனையில் நோய் இல்லை என்றே விடை வந்தது. வீட்டைவிட்டு வெளியேறாமல் 14 நாள்கள் இருக்கவேண்டும் என்பது ஆணை. அவர் கெடாவிலிருந்த தம் உணவகத்திற்குச் சென்றுவந்தார். காவல் காலம் முடியும் தறுவாயில் எடுத்த இரண்டாம் சோதனையில் நோய் இருப்பது தெரிந்தது. அதற்குள் வீட்டாரும் பணியாளரும் வாடிக்கையாளருமாக நாற்பதுக்கும் மேற்பட்டோரை நோய் பற்றிக்கொண்டது. நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. சிவகங்கா என்ற பெயர் வீடுதோறும் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டது.

அவரைப் பழிப்பது எளிது. முதல் சோதனையின் விடையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே’ என்று எத்தனை பேர் அதன்பின் திருமண மண்டபங்களுக்கும் துக்க வீடுகளுக்கும் போனார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நோய்க்கிருமி உடலில் புகுந்த முதல் சில நாள்களில் எந்தச் சோதனைக்கும் அது அகப்படாமல் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் பிசிஆர் சோதனை சிறிதளவு கிருமியையும் காட்டிவிடும். ஆனால் விடை வர நேரமாகும். வீட்டிலேயே மூக்கிலோ எச்சிலிலோ எடுக்கும் ஆர்டிகே சோதனை கால் மணி நேரத்தில் விடை சொல்லும். கிருமி மிகுந்திருக்கும்போதுதான் அது திறமாகக் கண்டுபிடிக்கும். எனவே இரண்டு கோடு தெரிந்தால் அதை நம்பவேண்டும். ஒற்றைக் கோடு தெரிந்து, காய்ச்சலும் இருமலும் நிற்காவிட்டால், நாள் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும்; அதுவரை விலகி நிற்கவேண்டும். இச்சோதனைப் பெட்டியின் சில்லறை விலைக்கு 2021 செப்டம்பரில் அரசு 19.90 ரிங்கிட் என்று உச்சவரம்பு விதித்தது. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தில் நாட்சம்பளக்காரருக்கு அதுவும் பெருந்தொகைதான்.

இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காணும் சோதனை மற்றொரு வகை. ஒருமுறை நோய் வந்து போனவருக்கு இனிப் பயமில்லை என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு 2020இல் சில நாடுகளில் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே அதை எதிர்த்து எச்சரித்தது. பெரியம்மை ஒருமுறை வார்த்தால் பெரும்பாலும் மறுமுறை வராது. கொரோனா அப்படிப்பட்டதன்று, உருமாறி உருமாறி வந்தது, வந்தவரையே மீண்டும் தொட்டது.

தடுப்பூசி இந்நாட்டில் 2021 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகப் போட்டுக்கொண்ட நிலையில் மாநிலங்களுக்கிடையே பயணம் மீண்டும் திறந்துவிடப்பட்டது. கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யத் தெரியாத எத்தனையோ தாத்தா பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் பதிந்து கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் செய்தது சிறிய தொண்டன்று.

ஆயினும் ஊசி எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. இதுதான் இன்று கருதிப் பார்க்கவேண்டிய இடம். மாற்றுச் சிறுநீரகம் முதலான உறுப்புப் பொருத்தப்பட்டவர்கள், உடல் அந்த உறுப்பை ஒதுக்கிவிடாதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை நாள்தோறும் உண்கிறார்கள். அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களில் முதல் ஊசிக்குப் பின் 17 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் ஊசிக்குப் பின் 54 விழுக்காட்டினருக்கும் மட்டுமே எதிர்ப்பொருள் காணப்பட்டது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர் பலருக்கும் ஊசி போதிய பயன் தருவதில்லை. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவரோ வீட்டில் அடைந்து கிடக்கவும் முடியாது. சென்றே ஆகவேண்டும், பலரோடு ஒரே அறையில் மணிக்கணக்கில் படுத்திருக்கவேண்டும்.

இவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள், ஊசியும் போட்டுக்கொண்டார்கள். அவர்களின் உடல்தான் ஒத்துழைக்கவில்லை. அப்படியானால் அவர்களுக்கு அரணாக நிற்கவேண்டியவர்கள் சுற்றியுள்ளவர்களே. தட்டம்மையில் நூற்றுக்கு 95 பேர் ஊசி போட்டிருந்தால் போடமுடியாத கைக்குழந்தைக்கும் அது வேலியாகிவிடும். கோவிட் ஊசியின் வேலி அவ்வளவு உயரமானதன்று. உயிர்ச்சேதத்தை அது பெரிதும் தடுத்தது. பரவுதலை ஓரளவே தடுத்தது. அதன் வலிமை மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்தது. ஆகவே ஊசி போட்டவரும் காய்ச்சல் கண்டால் சோதித்துப் பார்த்து, விலகியிருக்கவேண்டியவராகிறார். எதிர்ப்பாற்றலும் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆலயங்களில் தேரும் காவடியும் பழையபடி வலம் வருகின்றன. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் அதே கூட்டத்தில்தான் நிற்கிறார்கள். இருமிக்கொண்டே பால்குடம் ஏந்தும் அன்பர்களும் இருக்கிறார்கள். நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டால் தெய்வக்குற்றம் ஆகிவிடுமோ என்பது அவர்களின் மனக்கலக்கம். அது மெய்யான கலக்கம். நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. ஆனால் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், காப்புக் கட்டியிருந்தாலும், தீட்டென்று சொல்லி எந்த முறையீடுமின்றி ஆலயத்திற்கு வெளியே நிற்கும் மக்கள் இவர்கள். பதினாறு நாள் ஒதுங்கியிருக்க அறிந்தவருக்கு, காய்ச்சலுக்காக ஐந்தாறு நாள் ஒதுங்கியிருப்பது புதிய வழக்கமாகிவிடாது. 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் பத்துமலையிலேயே பக்தர் கூட்டமும் காவடியும் இல்லை. முருகன் அதற்காக எவரையும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆலய நிர்வாகம் செய்யக்கூடியவை சில உண்டு. காய்ச்சல் கண்டவரின் பால்குடத்தைக் குடும்பத்தார் ஒருவர் ஏந்தலாம் என்று அர்ச்சகர் வாயிலாகவே சொல்லச் செய்யலாம். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கூட்டம் சேருமுன் அதிகாலையில் தரிசனம் அமைக்கலாம். அன்னதானக் கூடத்தின் சன்னல்களைத் திறந்துவைக்கலாம். சுற்றுச்சுவரோரம் காற்றோட்டமான பந்தல் ஒன்று போட்டு அவர்களை அங்கே அமர்த்தலாம். சமையற்கட்டில் நிற்கும் தொண்டர்களுக்குச் சில சோதனைப் பெட்டிகளை வாங்கி வைப்பது, ஒரு வேளைப் பூமாலைச் செலவுக்கு மேல் ஆகாது. இவற்றைத் திருவிழாவன்று ஒலிபெருக்கியில் சொல்வதால் பயனில்லை. அதற்குள் எல்லாரும் வந்து சேர்ந்திருப்பார்கள். காப்புக் கட்டும் நாளன்றே அறிவித்துவிட்டால், யார் வருவது, யாருக்காக யார் பால்குடம் ஏந்துவது என்று வீட்டில் பேசி முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் இருக்கும்.